குழையல் நின்றுபோன வீடு

என் மகள் வவுனியாவிலிருந்து வரும்போதெல்லாம் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவாள். அப்படித்தான் சொல்லுவாள். பரந்தன் சந்தியில் இறங்கி, கண்டாவளைப் பக்கம் வருகிற பஸ்ஸைப் பிடித்து, வாய்க்கால் கரையால் நடந்து படலையைத் திறக்கும்போது பதினொரு மணி ஆகியிருக்கும். விடியவே வெளிக்கிட்டவள் எங்கே சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள் என்று நான் கேட்டதில்லை. ஒரு தேத்தண்ணி குடிப்பாள். தன் தம்பியின் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த பிஸ்கட்டைக் கொடுப்பாள். மூன்று மணி பஸ்ஸுக்கு எழும்பிவிடுவாள். ஆறு வருடம் இந்த வீட்டுச் சோறு அவள் வாயில் படவில்லை.

இதை எழுதி வைக்கவேண்டும் என்று கொஞ்ச நாளாக ஒரு எண்ணம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பின்னேரம் போகிறது. அவசரம் ஒன்றும் இல்லை.

என் பிள்ளைகள் வளர்ந்தது குழையலில். மத்தியானம் மீன்குழம்பு வைத்த மண்சட்டியின் அடியில் தடித்த குழம்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் சோற்றைப் போட்டு, பருப்பு, கத்தரிக்காய், முருங்கையிலை வறை எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் பிசைந்து, உருட்டி, ஆளுக்கொரு கவளமாகக் கையில் வைப்பேன். எல்லோரும் சுற்றி இருந்து சாப்பிடுவார்கள். தட்டு இல்லை, கரண்டி இல்லை. ஒரு சட்டி, என் கை, அவர்களுடைய கைகள். யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து என் தகப்பனுக்கு இங்கே காணி கிடைத்து வந்தபோது எனக்கு ஆறு வயது. காடு வெட்டிக் களைத்து வந்தவர்களுக்கு என் அம்மா அப்படித்தான் கொடுத்தா. இடம்பெயர்ந்து மரத்துக்கு மரம் இருந்த காலத்திலும், மீன் இல்லாமல், பருப்பும் சோறுமாக நான் குழைத்திருக்கிறேன். மகள் கவளத்தை வாங்கியதும் முதலில் மணந்து பார்ப்பாள். "சுங்கத்தில நிக்கிறவன்மாதிரி சோதிக்கிறாள்" என்று அவளின் தகப்பன் பகிடி பண்ணுவார். அந்த மனுசனும் போய்விட்டார்.

மகளுக்கு என்ன வருத்தம் என்று தெரியவந்தபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. எச்.ஐ.வி. என்றார்கள். அது எப்படி வந்தது என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. நான் அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை, இங்கேயும் எழுதமாட்டேன். கிளினிக்கில் இருந்த டொக்டர் அம்மா என்னையும் கூப்பிட்டு இருத்தி, ஆறுதலாக எல்லாம் விளங்கப்படுத்தினா. ஒன்றாகச் சாப்பிடுவதால் வராது, ஒரு கோப்பையில் குடிப்பதால் வராது, தொடுவதால் வராது. கிளினிக்கில் தருகிற குளிசையை ஒழுங்காகப் போட்டால் எல்லோரையும்போல இருக்கலாம். நான் தலையாட்டினேன். விளங்கிக்கொண்டுதான் தலையாட்டினேன்.

கிழமை ஒன்று போகவில்லை, அடுத்த வளவுக்காரி மோர்மிளகாய் கொண்டுவந்த சாட்டில் படலையைத் திறந்தா.

"அக்கா, கேள்விப்பட்டன். கோப்பை தட்டெல்லாம் தனிய எடுத்து வச்சிட்டியளோ?"

"ஆருக்கு?"

"மோளுக்குத்தான்."

"என்ர வீட்டில எல்லாக் கோப்பையும் ஒரு பலகையிலதான் கவுத்திருக்கு. வேணுமெண்டால் வந்து எண்ணிப் பாரும்."

"கோவிக்காதையுங்கோ. சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடு எண்டுதான்…"

"இரும், தேத்தண்ணி போடுறன். எந்தக் கோப்பையில தாறது எண்டு நீரே எடுத்துத் தாரும்."

அவ அன்றைக்குத் தேத்தண்ணி குடிக்கவில்லை. வயிற்றுக்குச் சரியில்லையாம். மோர்மிளகாயை மட்டும் வைத்துவிட்டுப் போனா.

இந்தக் கதையை நான் பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். கோயிலில் சொன்னேன். டொக்டர் அம்மாவுக்குச் சொன்னேன். அவ என் தோளில் தட்டி, "உங்களைப்போல நாலு அம்மாமார் இருந்தால் போதும்" என்றா. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்த வார்த்தை எனக்குள் கிடந்து இனித்தது.

சொல்லாத கதை ஒன்று இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலச் சட்டியை எடுத்தேன். மகனின் பிள்ளைகள் இரண்டும் அப்போது மூன்றும் ஐந்துமாக இருந்தார்கள். முன்னுக்கு வந்து இருந்துவிட்டார்கள். மருமகளும் மகளும் பக்கத்தில் இருந்தார்கள். மகளின் விரலில் தேங்காய் திருவும்போது பட்ட ஒரு சின்ன வெட்டு. காய்ந்து கறுத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். என் கை அவளுடைய உள்ளங்கையில் படும், பிறகு சட்டிக்குள் போகும், பிறகு இந்தக் குஞ்சுக் கைகளில் படும். டொக்டர் அம்மா சொன்னது முழுக்க ஞாபகத்தில் இருந்தது. கை கேட்கவில்லை.

"இண்டைக்கு எனக்குக் கை உளையுது. எல்லாரும் தட்டில போட்டுச் சாப்பிடுங்கோ" என்றேன்.

எல்லோருக்கும் ஒரே தட்டு. ஒரே வரிசை. ஒருவரையும் நான் பிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் கை உளைந்தது. அதற்கு அடுத்ததும். "அப்பம்மா, உருண்டை?" என்று சின்னவன் கேட்டான். "கை சுகம் வரட்டும் ராசா" என்றேன். மருமகளின் தலையில் பழியைப் போடலாம். ஆனால் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, கண்ணால்கூட ஒன்றும் காட்டவில்லை. நான்தான். எல்லோருக்கும் நிறுத்தினால் ஒருத்திக்காக நிறுத்தியது வெளியில் தெரியாது என்று நினைத்தேன். அதைக் கெட்டித்தனம் என்றும் நினைத்தேன்.

மகள் நம்பினாள். அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துவது. பின்னேரம் பின்னேரம் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து, என் வலதுகையைத் தன் மடியில் வைத்து, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் உருவிவிடுவாள். "இப்ப எப்பிடி அம்மா?" என்பாள். "கொஞ்சம் பரவாயில்லை" என்பேன். உளையாத கையை நீட்டிக்கொண்டு நான் இருந்தேன். ஒரு மாதத்துக்குமேல் இருந்தேன். அவள் கை படுவது எனக்குச் சுகமாகவும் இருந்தது. அவள் தொடுவதில் எனக்குப் பயமே இருக்கவில்லை.

ஒரு நாள் காலை குசினியில் ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். கல்மாதிரி இறுகின மா. இரண்டு கையாலும் அமத்திக் குத்திக் குழைக்கிறேன். நிமிர்ந்தால் வாசலில் மகள் நிற்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். கிணற்றடிப் பக்கம் போனாள். அன்று பின்னேரம் எண்ணெய் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வவுனியாவில் ஒரு தையல் கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். நல்லதுதானே என்று ஊர் சொன்னது. நானும் அதையே சொன்னேன்.

அவள் போனபின் குழையலை மறுபடி தொடங்கியிருக்கலாம். சட்டி இருந்தது, கை இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். தொடங்கினால் அவளுக்காகத்தான் நிறுத்தியது என்று எனக்கே நான் சொன்னதாக ஆகிவிடும். ஆகவே நின்றது நின்றதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்குழம்புச் சட்டியைக் கழுவுகிறபோது, அடியில் ஒட்டிய குழம்பு தண்ணீரோடு வாழையடிக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்நேரம் அவள் என்ன தின்றிருப்பாள் என்று மனம் வவுனியாவுக்கு ஓடும். பாணும் சம்பலுமாக இருக்கும். தனியாக ஒரு அறை, தனியாக ஒரு அடுப்பு. தனிக் கோப்பை வைக்காத தாயின் மகள், ஒரே ஒரு கோப்பையோடு இருந்தாள்.

இந்த வருடம் காலபோக நெல் வெட்டு முடிந்து, முற்றத்தில் படங்கு விரித்து விதைநெல் காயவிட்டிருந்தேன். கதிரை போட்டுக் கோழிக்குக் காவல் இருந்தபோது மகளின் அழைப்பு வந்தது.

"அம்மா, ஒரு உதவி. ஒரு மணித்தியாலம் இருக்கேலுமோ?"

"நான் எங்க போறன். சொல்லு."

அவள் சொன்னது இதுதான். இந்த வருத்தம் உள்ளவர்களை வீட்டிலும் வேலையிலும் ஆஸ்பத்திரியிலும் மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று ஒரு நிறுவனத்தார் விசாரித்து எழுதுகிறார்களாம். கேள்வி கேட்கப் போகிறவர்களும் அதே வருத்தம் உள்ளவர்கள்தானாம். அவளையும் எடுத்திருக்கிறார்கள். வகுப்பு நடக்கிறது.

"விசாரிச்சு?"

"அளக்கிறது அம்மா. எங்களை எவ்வளவு ஒதுக்கி வைக்கினம் எண்டதை."

"அதை நெல்லுமாதிரி எத்தனை கொத்து எண்டு சொல்லப்போறியளோ?"

சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டுப் பல நாள். "கேள்வியாலதான் அளக்கிறது. எல்லாரிட்டயும் ஒரே கேள்வி, ஒரே மாதிரிக் கேக்கவேணும். நான் கேக்கேக்க குரல் நடுங்குதாம். ஆரோடயாவது பழகிப் பார்த்துக்கொண்டு வாங்கோ எண்டவை. நீங்கள் இந்த வருத்தக்காரி மாதிரி இருந்து பதில் சொல்லுங்கோ."

"நானோ? எனக்கு என்னடி தெரியும்?"

"என்ர கதை தெரியும்தானே. அதை வச்சுச் சொல்லுங்கோ."

பிறகு அவளுடைய குரல் மாறியது. புத்தகம் வாசிக்கிற குரல். "வணக்கம். விரும்பாத கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. எந்த நேரத்திலும் நிறுத்தலாம்."

"என்ன பிள்ளை, அம்மாவோட இப்பிடிக் கதைக்கிறாய்?"

"அம்மா, நீங்கள் இப்ப அம்மா இல்லை."

ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பதில் இருக்கிறது என்றாள். ஓம், கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள். ஓம், ஆனால் அதற்கு முன்னர். இல்லை. அதில் ஒன்றைத்தான் சொல்லவேண்டும், கதை சொல்லக்கூடாது.

"உங்களுக்கு இந்த நோய் இருப்பதால், குடும்ப நிகழ்வுகளிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டீர்களா?"

மருமகளின் தங்கையின் கலியாணம் ஞாபகம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் பேர் சொல்லி அழைப்புச் சொன்னார்கள். மகளின் பேர் மட்டும் வரவில்லை. "ஓம். முன்னர்" என்றேன்.

"அயலவர்கள் உங்களைப் பற்றிப் பிழையாகக் கதைத்ததை அறிந்திருக்கிறீர்களா?"

"அது கேக்கவேணுமே! அடுத்த வளவுக்காரி இருக்கிறாவெல்லே…"

"ஓம் அல்லது இல்லை."

"சூ! சூ! போ அங்கால!"

"அம்மா?"

"உனக்கில்லை, கோழிக்கு. ஓம் எண்டு போடு."

"உணவு உண்ணும்போது உங்களுக்கென்று தனிக் கோப்பை அல்லது தனித் தட்டு வைக்கப்பட்டதா?"

அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவள்போல நிமிர்ந்து இருந்தேன். "இல்லை. எங்கட வீட்டில ஒரு நாளும் இல்லை. வடிவா எழுது."

"இல்லை" என்று திருப்பிச் சொல்லி எழுதினாள். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

"வீட்டில் இருப்பவர்கள் உங்களோடு சேர்ந்து உண்பதை, அல்லது உங்களைத் தொடுவதைத் தவிர்த்தார்களா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். தாயாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவள்தான் என்னைத் தாய் இல்லை என்று சொல்லி இருத்தியிருக்கிறாளே. அவளாக இருந்து பார்த்தேன். குசினி வாசலில் நிற்கிறேன். முன்னால் அம்மா மாக் குழைக்கிறா. நேற்றுப் பின்னேரம் நான் உருவிவிட்ட கை.

நெல்லுக்குள் கோழி இறங்கியது. நான் எழும்பவில்லை.

"ஓம்" என்றேன். "முன்னர்."

"யார் என்று சொல்ல விரும்புகிறீர்களா?" என்றாள்.

"அம்மா."

"என்ன செய்தா?"

"கை உளையுது எண்டு சொன்னவா. உளையேல்ல. ஒரு நாளும் உளையேல்ல."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துப் போகிற சத்தம் கேட்டது. அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது அழைப்பைத் துண்டித்துவிடுவாள் என்று. அடுத்த கேள்வியை வாசித்தாள். வேலை இடத்தைப் பற்றினது. குரல் நடுங்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ கேள்விகள். என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கடைசியில், "பங்குபற்றியதற்கு நன்றி" என்றாள். பிறகு தன்னுடைய குரலில், "அம்மா, கோழி அரைவாசி நெல்லைத் திண்டிருக்கும்" என்றாள்.

"திண்டால் தின்னட்டும். பிள்ளை, அதை எழுதினியோ?"

"எதை?"

"குழையல் நிப்பாட்டினதை."

"அதுக்கு இதில கட்டம் இல்லை அம்மா. ஓம், முன்னர் எண்டதில ஒரு புள்ளடி. அவ்வளவுதான் எழுதலாம்."

"வேற வீட்டிலயும் இப்பிடி ஏதும் செய்திருப்பினமோ?"

"செய்திருப்பினம். கேட்டால் தட்டும் கோப்பையும் ஒண்டுதான் எண்டு சொல்லுவினம்." அவள் குத்தலாகச் சொல்லவில்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "இது பழகிற தாள்தான் அம்மா. கிழிச்சுப் போடுவம்."

"எப்ப வாறாய்?"

"ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியில ஒராளைச் சந்திக்கவேணும். முடிஞ்சால் வாறன்."

முடிஞ்சால் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான்கு நாள் இருந்தேன். முல்லைத்தீவுப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற மீன்காரரை மறித்து ஒட்டி மீன் வாங்கினேன். "இண்டைக்கு என்ன மாமி விசேஷம்?" என்று மருமகள் கேட்டாள். "என்ன விசேஷம், மனுசர் தின்னத்தானே வேணும்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு கத்தரிக்காய் வெட்ட இருந்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குப் படலை திறந்தது. தோளில் ஒரு பை, கையில் ஒரு கேள்வித்தாள் கோவை. மெலிந்திருந்தாளா, இல்லை என் கண்ணுக்கு அப்படியா, தெரியவில்லை. கால் கழுவி உள்ளே வந்தவள் சட்டியைக் கண்டுவிட்டாள்.

"நான் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான் அம்மா."

ஆறு வருடத்தில் முதன்முறையாகக் கேட்டேன். "என்ன சாப்பிட்டனி?"

நிலத்தைப் பார்த்தாள். பிறகு, "ஒண்டுமில்லை" என்றாள்.

"இரு அப்ப."

பிள்ளைகள் இரண்டும் வளர்ந்துவிட்டார்கள். சட்டிக்குள் நான் கை வைத்ததைப் பார்த்து, "கையாலயோ?" என்றான் சின்னவன். அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. மருமகள் அவன் தலையில் ஒரு குட்டுக் குட்டி இருத்தினாள். நான் குழைத்தேன். வயது போன கை, முந்திமாதிரி உருட்ட வரவில்லை, கவளம் கோணலாக வந்தது. முதல் கவளத்தை மகளின் கையில் வைத்தேன். என் விரல் அவள் உள்ளங்கையில் பட்டது. அடுத்ததை உருட்டச் சட்டிக்குள் கை வைத்தேன். அதைச் சின்னவனுக்குக் கொடுத்தேன். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் தின்றாள்.

"உப்பில்லை" என்றாள்.

"பிரஷருக்குக் குறைச்சுப் போடச் சொன்னவை."

"குறைக்கச் சொன்னால் போடாமலே விடுறதே? ஒரு துண்டு மாங்காயாவது போட்டிருக்கலாம்."

"வந்தவுடன குற்றம் பிடிக்கிறாள்" என்றேன். அவளுக்கு அடுத்த கவளத்தைப் பெரிதாக உருட்டினேன்.

இரண்டு கவளம் தின்றாள். மூன்றாவதில் பாதி தின்றுவிட்டு, "காணும் அம்மா, முந்திமாதிரித் தின்னேலாது" என்றாள். மிச்சத்தைக் கையில் பொத்திக்கொண்டு எழும்பினாள், வெளியே கோழிக்குப் போட. தன்னுடைய எச்சிலைத் தானே அப்புறப்படுத்திப் பழகிய ஆளின் எழும்பல் அது. எனக்கு அது பொறுக்கவில்லை. அவள் கையைப் பிடித்து, அந்தப் பாதிக் கவளத்தை எடுத்து என் வாயில் போட்டேன்.

மருமகள் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குக் காட்டிறதுக்குத் தின்னவேண்டாம் அம்மா" என்றாள் மெல்ல.

"காட்டிறதுக்குத்தான் திண்டனான். வேறென்னத்துக்கு? உப்பும் இல்லை."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் மன்னிப்பு இருந்தது என்று எழுத ஆசைதான். எனக்குத் தெரியாது. கேள்வி கேட்கப் போகிறவர்கள் முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது என்று பழக்கியிருக்கிறார்கள், அவளும் கெட்டிக்காரி. ஆனால் உடனே கை கழுவப் போகவில்லை. சோறு காய்ந்து ஒட்டிய கையோடு பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டு கனநேரம் இருந்தாள்.

மூன்று மணிக்கு எழும்பினாள். "நிண்டு நாளைக்குப் போவன்" என்றேன்.

"நாளைக்கு விடிய முல்லைத்தீவில ஒராளிட்டப் போகவேணும் அம்மா. கிளிநொச்சியில தங்கினால்தான் சுகம்."

வாய்க்கால் கரையால் அவளோடு நடந்தேன். பஸ் பிந்தியது. வெட்டின வயலுக்குள் கொக்குகள் இறங்கி நின்றன. இன்னும் கொஞ்சம் பிந்தட்டும் என்று இருந்தது எனக்கு. முல்லைத்தீவில் அவளுக்காகக் காத்திருப்பது ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லமாட்டாள். அந்த ஆளுக்கும் எங்கேயோ ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டிலும் ஏதோ ஒன்று ஒருவருக்கும் தெரியாமல் நிறுத்தப்பட்டிருக்கும். அதை என் மகள் கேட்டறிவாள்.

பஸ் வந்தது. ஏறி, யன்னல் பக்கம் இருந்து, "போட்டு வாறன் அம்மா" என்றாள். எப்போது என்று வாய்வரை வந்தது. கேட்டால் ஒரு நாளைச் சொல்லுவாள், அவளால் அன்றைக்கு வரமுடியாமலும் போகும். ஆகவே கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு மணியானால் குசினி வேலையை மருமகளிடம் விட்டுவிட்டு, படலை தெரிகிற பக்கமாகக் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருக்கிறேன்.